மூடுபனிக்கு எந்த மாதம்

பீல் நகரம், மாட்ரெட்ச் பகுதி, நான்கு மாடிக் கட்டடம்.
நிலவறையில் ஒரு சலவை இயந்திரம்.
பதினொரு வீடு, ஒரே சாவி.
செவ்வாய் எனக்கு, புதன் நுகாடா மிவாவுக்கு.
சாவி கைமாறும் இரவு ஒன்பது மணியில்தான்
எங்கள் பழக்கம் தொடங்கியது.

அவளுக்குப் பிரெஞ்சு பாதி, எனக்கு ஜெர்மன் பாதி.
இரண்டு பாதி சேர்ந்தும் ஒன்றாகவில்லை.
மீதியைக் கொடியில் காயப் போட்டோம்.

பகலில் அவள் கடிகாரத் தொழிற்சாலையில்.
நொடிமுள்ளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத்
தூசி கண்டால் ஒதுக்க வேண்டும்.
நாளொன்றுக்கு எண்ணூறு முள்.
ஒன்றிலும் நேரம் கிடையாது, என்றாள் ஒருமுறை.
பொருத்தும்வரை வெறும் கம்பி.

அவள் எழுதுகிறாள் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது
சலவைத்தூள் பெட்டியின் பின்பக்கம்.
மூன்று கிறுக்கல், ஒன்றை வெட்டி, மறுபடி அதையே.
கடன் கணக்கென்று நினைத்தேன்.

மாதம் ஐந்து ஹைக்கூ
செண்டாய் நகரத்துச் சிற்றிதழ் ஒன்றுக்குப் போகும்.
ஒன்று அச்சாகும். சில மாதம் அதுவும் இல்லை.
தையில் திரும்பி வந்ததை எனக்கு வாசித்தாள்:

    மூடுபனி
    நிறுத்தத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது
    யாருடையதோ இருமல்

கீழே சிவப்பு மையில் ஆசிரியர்:
மூடுபனி இலையுதிர்காலத்துச் சொல்.
ஜனவரிக்கு ஆகாது. பருவ அகராதியைப் பார்க்கவும்.
அவரை ஜன்னலைப் பார்க்கச் சொல், என்றாள் அவள்.
நிலவறைக்கு ஜன்னல் இல்லை.
சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இருபத்தாறு வருடமாக இந்த ஊர்.
அகராதியில் உள்ள பூச்சி இங்கே கத்துவதில்லை,
அகராதியில் உள்ள மழை இங்கே நாள் குறித்து வருவதில்லை.
அதனால் தனக்கென்று ஒன்று தொகுக்கிறாள்
கடை ரசீதுகளின் முதுகில், பென்சிலால்:
ஏரிப் படகுகளுக்குப் போர்வை போர்த்தும் வாரம்.
பீஸ் காற்று, மூன்று நாளா ஆறு நாளா என்ற பந்தயத்தோடு.
வரிப் படிவம்.
படிக்கட்டில் தூவிய உப்பு.
பள்ளி விடுமுறைக்கு ஏறும் விமானச்சீட்டு விலை.
(இது நான் சொன்னது. யோசிக்காமல் சேர்த்துக்கொண்டாள்.)

அப்போது எனக்குள் எங்கோ கிடந்தது எழும்பியது.
பத்தாம் ஆண்டு, தமிழ்ப் பாடம்:
பெரும்பொழுது ஆறும் எழுதுக.
அன்று முதுவேனிலை விட்டு ஒரு புள்ளி இழந்தேன்.
இன்று ஆறும் வந்தன, திருத்த ஆளில்லாத இடத்தில்.
கார், கூதிர்

நிறுத்து, என்றாள்.

ஐப்பசி, கார்த்திகை. வாடைக்காற்று.
தனியே படுத்தவருக்கு விடியாத இரவு.
நான் விளக்கியதில் பாதி பிழையாயிருக்கும்.
அவள் விரல் மடக்கி எண்ணினாள்:
கூ, உ, தி, ரு. நான்கு. ஒன்று குறைகிறது.
வெட்டுச்சொல் ஒன்றை வாலில் கட்டினாள். கூதிருயா.
ஐந்து.

அதுவும் செண்டாயிலிருந்து திரும்பியது.
இம்முறை சிவப்பு மை இல்லை,
பென்சிலில் ஒரு கேள்விக்குறி மட்டும்.
இயந்திரத்தின் மேல் இரண்டு கோப்பை வைத்து
அதைக் கொண்டாடினோம்.

மாசியில் அவள் ரசீதுக் கட்டை மேலங்கிப் பையில் மறந்து
அறுபது பாகையில் துவைத்துவிட்டாள்.
ஒரு குளிர்காலம் முழுதும் வெள்ளைத் துகளாய்
தொழிற்சாலைச் சீருடையில், காலுறையில்,
அடுத்த செவ்வாய் என் கறுப்புக் காற்சட்டையிலும்.

மன்னிப்புக் கேட்டாள். அழவில்லை.
பார்க்காமல் நினைவுக்கு வருபவை மட்டும் பருவச்சொல்,
மற்றவை வானிலை அறிக்கை, என்றாள்.
முப்பத்தொன்று வந்தன.
கூதிர் வந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காவலாளி கீகாக்ஸ் சுவரில் ஒட்டியிருந்தார்,
இரண்டு மொழியில், அடிக்கோடிட்டு:

    பிப்ரவரி 14
    வடிகட்டி நிறையக் காகிதம்
    யார்?

மிவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரலில் எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.
அசை கூடுகிறது, என்றாள்.
ஆனால் பருவம் சரி.